கொல்லர் வீட்டு வில்லங்கம்

34 வருஷம் பத்திரப் பதிவு ஆபீஸில் குப்பை கொட்டி ரிட்டயரான ஒருவனைக் கொண்டுபோய் ஆறு மாசம் அமெரிக்காவில் வைத்தால் என்ன செய்வான்? முதல் மாசம் ஊர் பார்ப்பான். ரெண்டாவது மாசம் மகள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்ப்பான். மூணாவது மாசம் பெண்டாட்டி வாசலைக் காட்டுவாள்.

"சும்மா குறுக்கும் நெடுக்கும் நடக்காதீங்க. பக்கத்து வீட்டுப் பெரியவர் பாவம், தனியா உட்கார்ந்துட்டிருக்கார். போய் ரெண்டு வார்த்தை பேசுங்களேன். உங்க இங்கிலீஷைக் கேக்கறதுக்கும் ஒரு ஆள் வேணுமே!"

மோலின் என்று ஊருக்குப் பேர். இல்லினாய் மாநிலம், மிசிசிப்பி ஆற்றங்கரை. மாப்பிள்ளைக்கு அங்கே டிராக்டர் கம்பெனியில் வேலை. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது வயசு. ஹைஸ்கூல் வாத்தியாராக இருந்தவர். மனைவி போய் ரெண்டு வருஷம்.

அவருடைய கார் ஷெட்டில் கார் இல்லை. ஒரு மேஜை, நாலு அட்டைப்பெட்டி நிறையக் காகிதம், நடுவே ஒரு மரக்கட்டை மேல் பட்டறைக் கல். நம்ம ஊர்க் கொல்லுப் பட்டறையில் பழுக்கக் காய்ச்சின இரும்பை வைத்துச் சம்மட்டியால் சாத்துவார்களே, அதேதான். ஒரு பக்கம் கொம்பு மாதிரி நீண்டு, நடுவில் அடி வாங்கி அடி வாங்கி லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது.

"என் தாத்தாவுடைய தாத்தா சொத்து" என்றார் பெரியவர். "ஜான் டீர் தெரியுமா?"

தெரியாமல் என்ன! மாப்பிள்ளை வீட்டில் சாப்பிடுகிறவனுக்கு டிராக்டர் பேரெல்லாம் மனப்பாடம்.

"1837-ல் டீர் முதல் எஃகுக் கலப்பையைச் செய்தபோது கூட நின்று சம்மட்டி அடித்தது எங்கள் ஆள்தான். இந்தக் கல்லில்தான் அந்தக் கலப்பை உருவாச்சு. எங்க குடும்பத்தில் நாலு தலைமுறையாச் சொல்லிட்டு வர்ற சேதி."

ஜூலை மாசம் குடும்பமே ஒன்று கூடப் போகிறதாம். பெரியவர்கள், பொடிசுகள் எல்லாம் சேர்த்துத் தொண்ணூறு பேர். அன்றைக்கு இந்தச் சேதியைப் பித்தளைத் தகட்டில் பொறித்துக் கல்லில் பதிக்கப் போகிறார். தகட்டுக்கு ஆர்டரும் கொடுத்தாயிற்று. ஒரே ஒரு குறை. ஆதாரம் கிடைக்கவில்லை. நாலு வருஷமாகத் தேடுகிறார்.

"ஆதாரம் இல்லாம ஆர்டர் கொடுத்துட்டீங்களா?" என்றேன். வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுத்தவரைப் பார்க்கிற அதே பார்வை. தொழில் புத்தி எங்கே போகும்?

அவருக்கு என்னைப் பிடித்துப் போனது அந்த நிமிஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

* * *

அடுத்த சனிக்கிழமையே என்னைக் கிராண்ட் டிடூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். ராக் ஆறு பெரிதாக வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு குட்டி கிராமம். ஜான் டீரின் பழைய வீடு இருக்கிறது. பட்டறை இருந்த இடத்தை 1962-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்து ஆட்கள் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பள்ளத்தை அப்படியே வைத்து மேலே கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். பக்கத்தில் அந்தக் காலத்துப் பட்டறை மாதிரியே ஒன்று. துருத்தி, குறடு, கரிப்புகை, எல்லாம் உண்டு. மூக்கில் ஏறின வாசனை எனக்கு எங்கள் ஊர்க் கடைத்தெருவை ஞாபகப்படுத்தியது.

டீர் பிறந்தது கிழக்கே வெர்மான்ட் மாநிலத்தில், 1804-ல். அப்பா தையல்காரர். மகனுக்கு நாலு வயசாக இருக்கும்போது சொத்து விஷயமாக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினவர் திரும்பி வரவேயில்லை. அம்மா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தாள். பையன் ஒரு கொல்லரிடம் நாலு வருஷம் தொழில் பழகினான். சொந்தப் பட்டறை போட்டான். தீப்பிடித்தது. திரும்பப் போட்டான். திரும்பவும் தீ. கடன் கழுத்தை நெரிக்க, 1836-ல் பிள்ளைகளையும் கர்ப்பிணி மனைவியையும் அங்கேயே விட்டுவிட்டு, 73 டாலர் சொச்சத்துடன் மேற்கே புறப்பட்டுவிட்டார் மனுஷர்.

இல்லினாய் மண் நம்ம கரிசல் மாதிரி. கறுப்பு, கொழுப்பு, பிசுபிசுப்பு. கிழக்கேயிருந்து வந்த விவசாயிகள் கொண்டுவந்த கலப்பை அந்த மண்ணில் நாலடி போவதற்குள் அப்பிக்கொள்ளும். நிறுத்தி, மரத்துடுப்பால் சுரண்டி, மறுபடி நாலடி. டீர் ஒரு மர மில்லில் உடைந்துபோன எஃகு ரம்பத்தை வாங்கி வந்து, பல்லை வெட்டிவிட்டு, வளைத்து, மண்ணைப் புரட்டும் பலகையாக்கினார். பளபளவென்று தேய்த்த எஃகில் மண் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. 1839-ல் பத்து கலப்பை, 1840-ல் நாற்பது. 1848-ல் தொழிலை மோலினுக்கு மாற்றினார். மீதிக் கதை என் மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டில் இருக்கிறது.

பெரியவர் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்று விரலை நீட்டினார். "இங்கேதான் எங்க ஆள் நின்னிருப்பார்." குரல் கம்மியிருந்தது. எனக்கும் தொண்டையில் என்னமோ செய்தது.

* * *

திங்கட்கிழமை ஆபீஸைத் திறந்தோம். அதாவது கார் ஷெட்டை.

அமெரிக்காவில் 1790-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒரு தடவை ஜனத்தொகைக் கணக்கு எடுக்கிறார்கள். பழைய ஏடுகளைப் படமெடுத்து கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். ஆனால் 1840 வரைக்கும் குடும்பத் தலைவர் பேர் மட்டும்தான் எழுதுவார்கள். மற்றவர்களெல்லாம் வெறும் தலைக்கணக்கு. 1850-ல்தான் வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் பேர், வயசு, பிறந்த மாநிலம் என்று எழுத ஆரம்பித்தார்கள். (அடிமைகளாக இருந்தவர்களுக்கு அப்போதும் பேர் கிடையாது.) தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. அது 15 வயசு தாண்டிய ஆண்களுக்கு மட்டும். பெண்டுகளுக்கு எதிரே காலி.

பெரியவர் நாலு வருஷமாகக் கம்ப்யூட்டரில் குடும்பப் பெயரைத் தட்டித் தட்டி அலுத்திருந்தார். 1850-ல் ஆளே இல்லை.

"சார், எங்க ஆபீஸிலும் இன்டெக்ஸ் ஒண்ணு, இன்டெக்ஸ் ரெண்டுன்னு உண்டு. ஒண்ணு ஆள் பேருக்கு, ஒண்ணு சொத்துக்கு. ஆனா இன்டெக்ஸ் எழுதினவனும் மனுஷன்தானே? அதில் இல்லைன்னா, இல்லைன்னு அர்த்தமில்லை. புஸ்தகத்தைப் புரட்டணும்."

புரட்டினோம். பக்கத்துக்கு 42 வரி. கணக்கெடுத்த புண்ணியவானுக்குக் கோழிக் கிறுக்கல். காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் மகள் சாதம் கொண்டுவந்து வைக்கிற வரைக்கும் தலை நிமிரவில்லை. "ரிட்டயரானப்புறம்தான் அப்பா ஒழுங்கா வேலை பாக்கறார்" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாளாம்.

மூணாவது நாள் பிடித்துவிட்டேன். அவர் குடும்பப் பெயரின் கடைசியில் ரெண்டு எஸ் சேர்ந்து வரும். அந்தக் காலத்தில் ரெண்டு எஸ் வந்தால் முதல் எஸ்ஸை எஃப் மாதிரி நீட்டி எழுதுவார்கள். ரெண்டும் ஒட்டிக்கொண்டால் பி மாதிரிகூடத் தெரியும். இன்டெக்ஸ் எழுதினவர் பி என்று படித்துவிட்டார். எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்கிறீர்களா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய இங்கிலீஷ் பத்திரம் ஒன்றில் 'விட்னஸ்' என்பதை 'விட்னெஃப்ஸ்' என்று சத்தமாகப் படித்து, ஆபீஸே சிரிக்கும்படி சார்பதிவாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். வாங்கின திட்டு வீண் போகவில்லை பாருங்கள்.

பெரியவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் பேசாமல் அதோடு வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். பாழாய்ப்போன பழக்கம், அடுத்த கட்டத்தையும் படித்தேன்.

தலைவர், வயசு 31, கொல்லர், பிறந்தது வெர்மான்ட். மனைவி, 29, வெர்மான்ட். மூத்த மகன், 8, வெர்மான்ட். மகள், 5, நியூயார்க். கடைக்குட்டி, 1, இல்லினாய்.

குழந்தைகள் பிறந்த இடத்தை வரிசையாகப் பார்த்தால் அதுதான் குடும்பம் வந்த வழி. 1842 வாக்கில் வெர்மான்ட்டில் இருந்திருக்கிறார்கள். 1845-ல் வழியில், நியூயார்க்கில். இல்லினாய் வந்து சேர்ந்தது அதற்கும் அப்புறம். 1837-ல் நம்ம ஆளுக்கு வயசு 18. ஆயிரம் மைல் தள்ளி வெர்மான்ட்டில் மீசை முளைத்துக்கொண்டிருக்கும். இவர் வந்து சேர்ந்து ஊன்றிக்கொள்வதற்குள் டீர் கிராண்ட் டிடூரிலிருந்து மூட்டை கட்டியாயிற்று.

சொன்னேன். பக்குவமாகத்தான் சொன்னேன்.

"அது வெர்மான்ட் இல்லை, வர்ஜீனியாவா இருக்கும். கையெழுத்து சரியில்லை" என்றார்.

"வர்ஜீனியான்னாலும் 1837-ல் இங்கே இல்லையே சார்."

கம்ப்யூட்டரை மூடினார். எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் கார் ஷெட் சாத்தியிருந்தது. அதற்கு மறுநாளும்.

"பேசிட்டு வாங்கன்னுதானே சொன்னேன். அவர் பரம்பரையையே பிடுங்கிட்டு வந்துட்டீங்களே!" என்றாள் மனைவி. ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எண்பது வயசு மனுஷருக்கு நாலு தலைமுறைக் கதை ஒன்று இருந்தது. அதை மூணு நாளில் நான் காலி பண்ணியிருக்கிறேன்.

* * *

ஒரு வாரம் கழித்து அவரே வந்து கதவைத் தட்டினார்.

"ராத்திரி நானே தேடினேன்" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். 1850-ல் ஜனங்களைக் கணக்கெடுத்த அதே கையோடு தொழில்களையும் கணக்கெடுத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு 500 டாலருக்கு மேல் சரக்கு செய்கிற பட்டறை எல்லாம் அதில் வரும். நம்ம கொல்லர் இருந்தார். முதல் இவ்வளவு, இரும்பு இவ்வளவு, ஆள் ஒன்று. என்ன விசையால் தொழில் நடக்கிறது என்ற கட்டத்தில் 'கை' என்று எழுதியிருந்தது. செய்த பொருள்: கலப்பை 28, லாடம், பழுது வேலை.

"பொய்யில்லை பார்த்தீங்களா! கலப்பை செஞ்சிருக்கார்" என்றேன். டீருக்கு முன்னாலேயே 1833-ல் இதே இல்லினாயில் ஜான் லேன் என்கிற கொல்லர் ரம்ப எஃகில் கலப்பை செய்தவர். அப்புறம் ஊருக்கு ஊர் கொல்லர்கள் செய்தார்கள். அந்தப் புல்வெளியைக் கிழித்தது டீர் கலப்பை மட்டுமில்லை. பேர் தெரியாத நூறு பட்டறைகளின் கலப்பையும்தான்.

பெரியவர் லேசாகச் சிரித்தார். "கவுண்டி கோர்ட்டில் இறந்தவங்க சொத்துக் கணக்கு இருக்குமாம். வர்றீங்களா?"

கேட்பானேன்? பழைய ரிகார்டு ரூம் வாசனை பிடித்து எத்தனை வருஷமாச்சு!

கோர்ட்டில் இருந்த அம்மாள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மூணாக மடித்த காகிதங்கள், மடிப்பில் பொடி உதிர்ந்தது. கொல்லர் 1857 வசந்த காலத்தில் செத்துப்போயிருக்கிறார், 38 வயசில். இரும்பு வாங்கின கடையில் பாக்கி. கடனை அடைக்கப் பட்டறைச் சாமான்களை ஏலம் விட்டிருக்கிறார்கள். ஏலப் பட்டியல் சுத்தமாக இருந்தது. சாமான், எடுத்தவர், விலை.

குறடு நாலு, ஒரு பக்கத்து ஊர்க்காரர். சம்மட்டி ரெண்டு, வேறொருவர். பழைய இரும்பு ஒரு குவியல், இன்னொருவர். நான் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தேன்.

பட்டறைக் கல் ஒன்று, துருத்தி ஒன்று. எடுத்தவர்: விதவை. பதினாலு டாலர்.

"விதவையா?" என்றார் பெரியவர். "அவளுக்கு எதுக்குப் பட்டறைக் கல்?"

அடுத்த காகிதம் பதில் சொன்னது. கையில் காசு இல்லாததால் அந்தப் பதினாலு டாலருக்கும் அவள் புரோ நோட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஆறு மாசத் தவணை. கீழே அவள் பேர், நடுவில் ஒரு பெருக்கல் குறி. குறிக்கு மேலேயும் கீழேயும் 'அவளுடைய அடையாளம்' என்று குமாஸ்தா எழுத்து.

நம்ம பாஷையில் சொன்னால், கைநாட்டு.

வீட்டுக்கு வந்து 1860 கணக்கைத் தேடினோம். அந்த வருஷத்திலிருந்து பெண்களுக்கும் தொழில் கட்டம் உண்டு. குடும்பத் தலைவர் அவள்தான். தொழில்: துணி வெளுப்பது. அதற்குக் கீழே மகன், வயசு 18. தொழில்: கொல்லர்.

1857-ல் அவனுக்குப் பதினைந்து. புருஷன் போன கையோடு, கடன்காரர்கள் வீட்டு வாசலில் நிற்கும்போது, எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி ஆண்களுக்கு நடுவே நின்று ஏலம் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு மாவு வாங்கவில்லை. பையனுக்குத் தொழில் வாங்கினாள். துணி துவைத்து நோட்டை அடைத்தாள். அந்தப் பையன்தான் பெரியவருடைய தாத்தாவின் அப்பா.

1870-ல் மகன் வீட்டில் இருக்கிறாள். 1880-ல் முதன்முறையாகத் தலைவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் வந்தது. அதில் அவளுக்கு எதிரே 'தாய்' என்று இருக்கிறது. 1890 கணக்கு 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் போய்விட்டது. அதற்கு அப்புறம் அவள் இல்லை.

கல்லறைக்குப் போனோம். கொல்லருக்குப் பெரிய கல். பேர், பிறந்த தேதி, இறந்த தேதி, எல்லாம். பக்கத்தில் புல்லுக்குள் முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னக் கல். அதில் ஒரே ஒரு வார்த்தை. அம்மா.

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். "சின்ன வயசில் இதன் மேலே உட்கார்ந்து சாண்ட்விச் தின்னிருக்கேன்" என்றார்.

வரும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே, "டீரையும் அவங்க அம்மாதானே தைச்சுப் போட்டு வளர்த்தா?" என்று கேட்டார்.

"ஆமா. அவர் பெண்டாட்டியும் வெர்மான்ட்டில் குழந்தைகளோட ரெண்டு வருஷம் தனியா இருந்துட்டு, 1838-ல்தான் வந்து சேர்ந்தா."

அப்புறம் மோலின் வரைக்கும் ரெண்டு பேரும் பேசவில்லை.

* * *

தகட்டை மாற்றி எழுதச் சொல்லிக் கடைக்காரருக்குப் போன் செய்தார். ரெட்டைச் செலவு. அதிலும் ஒரு சிக்கல் வந்தது. அவள் பேரை மூணு ஆவணத்தில் மூணு விதமாக எழுதியிருந்தார்கள். எதைப் பொறிப்பது?

எங்கள் ஆபீஸில் இந்த வியாதிக்கு மருந்து உண்டு. 'இன்னார் என்கிற இன்னார்' என்று போட்டுவிடுவோம். சொன்னேன். பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"மூணையும் குமாஸ்தாதான் எழுதினான். அவளாப் போட்டது அந்தப் பெருக்கல் குறி ஒண்ணுதான். அது எந்தப் பேருக்கு நடுவில் இருக்கோ, அதுதான் அவ பேர்."

34 வருஷ சர்வீஸில் எனக்குத் தோன்றாத நியாயம்.

ஜூலையில் கூட்டம் நடந்தது. தொண்ணூறு பேருக்கு நடுவே புடவை கட்டிக்கொண்டு என் மனைவி, கையில் அவள் செய்த மைசூர்பாகு. பட்டறைக் கல்லைப் பொறிக்கத் தேர்ந்த பல்லை விட அது கெட்டி என்று நான் முன்கூட்டியே எச்சரித்திருந்தேன். பெரியவர் எழுந்து முதலில், "இத்தனை நாள் நாம சொல்லிட்டு வந்தது நடக்கவில்லை" என்றார். ஒரு அத்தை முணுமுணுத்தாள். அப்புறம் ஏலப் பட்டியலைப் படித்தார். பதினாலு டாலர் என்று வந்தபோது ஒருவரும் அசையவில்லை. தகட்டில் அவள் பேர், 1857, விலை, நடுவில் அந்தப் பெருக்கல் குறி. குழந்தைகள் ஒவ்வொருத்தராக வந்து சின்னச் சுத்தியால் கல்லை ஒரு தட்டுத் தட்டினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். தட்டினேன். டிங் என்று வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்குள்ளே வேறொன்று கேட்டுக்கொண்டிருந்தது. என் சர்வீஸில் எத்தனை ஆயிரம் பெண்களின் இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டியிருப்பேன்! "சீக்கிரம், சீக்கிரம், விரலை இறுக்காதேம்மா, ரேகை கலையுது" என்று அதட்டியிருப்பேன். காடு விற்றவள், வீட்டை அடகு வைத்தவள், பிள்ளைக்காக எதையோ மீட்டுக்கொண்டு போனவள். விரலைப் பார்த்தேன். ஒருத்தி முகத்தையும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"என்னங்க, கண்ணு கலங்கியிருக்கு?" என்றாள் மனைவி.

"கரித்தூள்" என்றேன்.

"இங்கே ஏது கரி?" என்றவள், என்ன நினைத்தாளோ, மேற்கொண்டு கேட்கவில்லை.